முளைகள் சாய்ந்த திசை

கிண்ணத்தின் விளிம்பில் தாஹிரா பென்சிலால் போட்டிருந்த சின்னக் கோடு, இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. முந்தின நாள் புறப்படும்போது அது தன் நாற்காலிப் பக்கம் இருக்கும்படி வைத்து, குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் கதவைப் பூட்டினாள். இப்போது காலை ஒன்பதேகால். கோடு சுவர்ப் பக்கம் போயிருந்தது. அடுத்த கிண்ணத்தைப் பார்த்தாள். அதற்கடுத்ததையும். பன்னிரண்டு கிண்ணங்களிலும் கோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெளியே நான்கு நாளாக விடாத கர்க்கடக மாதத்து ஆடி மழை. செம்பாறைக் குன்றின் மேல் பரந்து கிடந்த அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தில் தாவரவியல் துறைதான் கடைசிக் கட்டடம். அதற்குப் பின்னால் முந்திரி மரங்களும் பழைய கண்ணாடி வீடுகளும் மட்டும். ஆய்வுக்கூடத்தில் ஈர மண்ணும் ஸ்பிரிட்டும் கலந்த வாசம். குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. மழையைத் தவிர வேறு சத்தமில்லை.

ஒவ்வொரு தட்டின் நடுவிலும் ஒரு கிண்ணம், கிண்ணத்தில் ஒரே ஒரு முளை. இடப்பக்கம் தக்காளிக் கன்று, வலப்பக்கம் கோதுமை. முளை என்றால் இலை கிடையாது, வேர் என்று சொல்லிக்கொள்ளவும் ஒன்றுமில்லை. மண்ணிலிருந்து எழுந்து காற்றைத் துழாவும் மஞ்சள் நூல், அவ்வளவுதான். அம்மையார் கூந்தல் இனம். விதைக்குள் இருக்கும் உணவு தீர்வதற்குள் பக்கத்துச் செடியின் வாசம் பிடித்து, அதன் மேல் சாய்ந்து, சுற்றிக்கொண்டு, உறிஞ்சத் தொடங்கினால் பிழைக்கும். இல்லையென்றால் வாடிவிடும். தக்காளி என்றால் அதற்கு உயிர். கோதுமையைச் சீண்டாது. எதை நோக்கி, எத்தனை நேரத்தில் சாய்கிறது என்று அளப்பதுதான் தாஹிராவின் ஆய்வு. ஆனால் இந்த முளைகள் ஒரு வாரமாகத் தக்காளியையும் பார்க்கவில்லை, கோதுமையையும் பார்க்கவில்லை. பன்னிரண்டும் வெறும் சுவரை நோக்கிச் சாய்ந்து நின்றன. அதனால்தான் கோடு போட்டு வைத்தாள்.

யாரோ கிண்ணங்களைத் திருப்புகிறார்கள்.

அந்த அறைக்கு மூன்று சாவிகள். ஒன்று அவளிடம். ஒன்று அவளுக்கு வழிகாட்டியான சௌதாமினி டீச்சரிடம். மூன்றாவது, எதிர் மேசையில் மூன்று வருடமாக உட்கார்ந்து வேலை செய்யும் சிபிச்சனிடம்.

சிபிச்சன் இடுக்கிக்காரன். ஏலத்தோட்டத்து வீட்டில் பிறந்தவன். இலையைக் கசக்கி மோந்தே செடியின் பெயரைச் சொல்லிவிடுவான். முதல் வருடம் களப்பயணத்தில் தாஹிராவின் காலில் அட்டை கடித்து ரத்தம் நிற்காமல் போனபோது, மூன்று கிலோமீட்டர் அவளுடைய பையையும் சேர்த்துச் சுமந்தவன். அதெல்லாம் சரிதான். ஆனால் போன ஜனவரியில் டீச்சர் தனியாக மலைக்குப் போய், யாரும் இதுவரை பார்த்திராத ஒரு வகை என்று இந்த விதைகளைக் கொண்டு வந்தபோது, அவற்றைத் தாஹிராவின் கையில்தான் கொடுத்தார். பெயர் சூட்டும் கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது என்றும் சொன்னார். அன்று சிபிச்சன் சிரித்துக்கொண்டே கை குலுக்கினான். அந்தச் சிரிப்பு இப்போது அவளுக்கு வேறு மாதிரி ஞாபகம் வந்தது.

கேன்டீனில் வாழைப்பழத்தில் பொரித்த பழம்பொரியும் பாலில்லாத கட்டன்சாயாவுமாக அவன் எதிரே வந்து உட்கார்ந்தான். கண்ணுக்குக் கீழே கருப்பு கட்டியிருந்தது.

"ராத்திரி தூங்கறதில்லையா?" என்று கேட்டாள்.

"விடியக்காலம் எழுந்திருக்கறேன். நல்ல பழக்கம். நீயும் பழகு, எடீ."

"எழுந்து எங்க போற?"

அவன் சாயாவை ஊதினான். "நடக்கத்தான். தொப்பை விழுதுல்ல."

அவனுக்குத் தொப்பை இல்லை. தாஹிரா பழம்பொரியின் எண்ணெயைக் காகிதத்தில் துடைத்தபடி அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலக்கை மோதிர விரலில் மாதா மோதிரம். நகக்கண்ணில் மண்.

விலங்கியல் துறைத் தோழியிடம் காட்டில் வைக்கும் கேமரா ஒன்றை இரவல் வாங்கினாள். ஒரு அட்டைப்பெட்டியில் துளை போட்டு, அலமாரி மேல் பழைய பெட்டிகளோடு பெட்டியாக வைத்தாள். பத்து நிமிடத்துக்கு ஒரு படம். இருட்டில் படமெடுக்கும் விளக்கு அதில் பழுதாகியிருந்ததால் இரவுப் படங்கள் கருப்பாகத்தான் விழும். காலை ஆறு மணிக்குச் செடிகளுக்கான வளர்ப்பு விளக்குகள் தானாக எரியும்போது தெளியும்.

மறுநாள் ஆறு மணிப் படத்தில் தட்டுகள் மட்டும். ஆறு பத்துப் படத்தில் ஒரு கை. ஏழாவது கிண்ணத்தைப் பிடித்தபடி. மோதிரம் தெளிவாகத் தெரிந்தது.

அவள் எதிர்பார்த்ததுதான். வராந்தாவில் அவனை நிறுத்தி மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். மறுப்பான், மழுப்புவான், அப்போது என்ன கேட்க வேண்டும் என்றெல்லாம் வரிசையாக யோசித்து வைத்திருந்தாள்.

"நான்தான் திருப்பினேன்," என்றான் சிபிச்சன். "பத்து நாளா தெனமும் வந்து திருப்பறேன்."

"எதுக்கு?"

அவன் வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்தான். "அதுங்க உன் நாற்காலியைப் பார்த்துச் சாயுது. நீ ராத்திரி எட்டு வரைக்கும் அங்கதானே உக்காந்திருக்க. விடியறப்ப பார்த்தா பன்னெண்டும் அந்தப் பக்கம் வளைஞ்சு நிக்குது. மொத நாள் தற்செயல்னு நெனச்சேன். அப்புறம் எனக்கு மனசு ஒப்பல. நீ பார்த்தா பயப்படுவேன்னு திருப்பி வெச்சேன்."

"நான் பயப்படக்கூடாதுன்னு என் ஆராய்ச்சியைக் கெடுத்த. ரொம்ப உபகாரம்."

"தாஹிரா, ஆறு மணிப் படத்தைப் பாரு. நான் கை வைக்கறதுக்கு முன்னால."

பார்த்தாள். ஆறு மணிப் படத்தில் பன்னிரண்டு மஞ்சள் நூல்களும் அவளுடைய காலி நாற்காலியை நோக்கி வளைந்திருந்தன. ஒரே கோணம். கூட்டத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எல்லோரும் திரும்புவார்களே, அப்படி.

"இதையும் இருட்டுல நீதான் திருப்பியிருப்ப," என்றாள். "நான் ஒருநாள் கேப்பேன்னு தெரியும். கதையைத் தயாரா வெச்சிருந்த."

"சரி. நான் திருட்டுப்பயலாவே இருந்துட்டுப் போறேன். நீ அந்த நாற்காலியில மட்டும் உக்காராதே. அப்புறம் டீச்சர்கிட்ட ஒண்ணு கேளு. மலையில அது எது மேல படர்ந்திருந்துச்சுன்னு கேளு," என்றான் சிபிச்சன்.

தாஹிரா நேராக டீச்சரின் அறைக்குப் போனாள்.

சௌதாமினி டீச்சர் ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பது வருடம் மலைகளில் அலைந்து முழங்கால் தேய்ந்தவர். மாணவர்கள் பட்டினி கிடந்தால் தன் இலைப்பொதிச் சோற்றைப் பிரித்துப் பாதியைத் தள்ளிவிடுகிறவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார். ஆறு பத்துப் படத்தை அல்ல, ஆறு மணிப் படத்தை. விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நாற்காலிப் பக்கமா," என்றார் தனக்குள்.

"டீச்சர்?"

"ஒண்ணுமில்ல மோளே. நீ அவன்கூடச் சண்டை போட வேண்டாம். நடந்ததை அப்படியே எழுதிக் குடு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

அவள் எழுதிக் கொடுத்தாள். ஒன்றரைப் பக்கம். அன்று மாலையே சிபிச்சனின் சாவி வாங்கப்பட்டது. அவன் தன் புத்தகங்களை அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு போனான். போகும்போது அவளுடைய நாற்காலியைத் தூக்கி அறையின் மூலையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். அவள் அதை எடுத்துப் பழைய இடத்திலேயே போட்டு, ஈரத் துணியால் துடைத்து, உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை பன்னிரண்டு முளைகளும் நாற்காலியைப் பார்த்துச் சாய்ந்திருந்தன.

சிபிச்சன் இன்னொரு சாவி செய்து வைத்திருக்கிறான் என்று நினைத்தாள். அன்றே பூட்டை மாற்றினாள். மறுநாளும் அப்படியே. கேமராவில் யாருடைய கையும் இல்லை. ஜன்னல் கொக்கிகளைச் சோதித்தாள். கிண்ணங்களைத் தட்டோடு சேர்த்துப் பசை நாடாவால் ஒட்டினாள். நாடா கலையவில்லை, முளைகள் சாய்ந்திருந்தன. வெளிச்சமா என்று பார்த்தாள். விளக்கு நேர் மேலே. காற்றா என்று பார்த்தாள். ஒரு பஞ்சுப் பிசிறைக் கட்டித் தொங்கவிட்டாள். அது அசையவே இல்லை.

ஐந்தாம் நாள் யாருக்கும் சொல்லாமல் நாற்காலியை மேசையின் அந்தப் பக்கத்துக்கு மாற்றி, சுவரில் முதுகு பட உட்கார்ந்து இரவு எட்டு வரை வேலை பார்த்தாள். அந்த இடத்தில் உட்கார்ந்ததும்தான் கவனித்தாள், தக்காளிக் கன்றுகள் எல்லாம் செழிப்பாக இருந்தன. பக்கத்தில் நான்கு விரற்கடை தூரத்தில் பசித்த முளை ஒன்று நின்றும் ஒரு கீறல்கூட இல்லை. முளைகளும் வாடவில்லை. ஒரு வாரத்துக்குள் செத்திருக்க வேண்டியவை இரண்டு வாரத்துக்கு மேலாக நின்றன. எதற்காகவோ காத்துக்கொண்டு.

விடிந்ததும் வந்து பார்த்தாள். அவை சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தன. நாற்காலியைப் பார்த்து. இன்னும் சற்று நீண்டிருந்தன.

அவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். மழை ஓட்டில் விழும் சத்தம் காதை அடைத்தது. அன்று முழுக்க அந்த அறைக்குள் போகவில்லை.

எது மேல் படர்ந்திருந்தது. அந்தக் கேள்வி மூன்று நாளாக விடவில்லை. ஒட்டுண்ணிச் செடியைச் சேகரிக்கிறவர் எந்த மரத்தில், எந்தச் செடியில் படர்ந்திருந்தது என்று எழுதாமல் விடமாட்டார். முதல் வருடத்திலேயே டீச்சர் அவர்கள் தலையில் அடித்துச் சொல்லிக் கொடுத்தது அது.

ஹெர்பேரியத்தில் எண்பதாயிரம் உலர்ந்த செடிகள் தாளில் ஒட்டப்பட்டு இரும்பு அலமாரிகளில் கிடந்தன. கற்பூர நெடி. அதன் பொறுப்பாளர் அப்புட்டேட்டன் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"டீச்சர் கொண்டு வந்த புதுசா? அதை யாருக்கும் காட்ட வேண்டாம்னு சொல்லியிருக்காங்களே."

"அது என் ஆராய்ச்சி, சேட்டா."

"அதுவும் சரிதான்," என்று சாவியைத் தள்ளினார். "அந்தச் சிபிப் பயலும் ரெண்டு வாரத்துக்கு முன்னால இதையேதான் கேட்டான். பார்த்துட்டு வெளியில வந்து தண்ணி வாங்கிக் குடிச்சான்."

தாளில் ஆரஞ்சு நூற்கற்றை ஒட்டப்பட்டிருந்தது. கீழே டீச்சரின் அழகான சாய்ந்த கையெழுத்து. இடம், உயரம், தேதி, பூவின் நிறம். படர்ந்திருந்த செடி என்ற இடம் காலி. காலி என்றும் சொல்ல முடியாது. காகிதம் அங்கே மட்டும் மெலிந்து மயிர் சிலிர்த்திருந்தது. எழுதியதைப் பிளேடால் சுரண்டியிருந்தார்கள்.

தாளின் மூலையில் உதிர்ந்த துண்டுகள் வைக்கும் சிறு உறை. அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து வெந்நீரில் போட்டாள். உலர்ந்த செடி நீர் குடித்தால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். பத்து நிமிடத்தில் அந்த நூல் மெல்ல நெகிழ்ந்து, உருண்டு, சுருள் வளையமாயிற்று. எதையோ சுற்றியிருந்த வளையம். அவளுடைய கட்டை விரல் அதற்குள் சரியாக நுழைந்தது. நுழைத்த பிறகு ஏன் அப்படிச் செய்தோம் என்று சட்டென்று உருவிக்கொண்டாள்.

வளையத்தின் உட்புறம் உறிஞ்சு வேர்கள் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு நடுவே மெல்லிய கரிய இழைகள் இரண்டு சிக்கியிருந்தன. செடிகளுக்கும் மயிர் உண்டு. அப்படித்தான் நினைத்து நுண்ணோக்கியில் வைத்தாள்.

செடியின் மயிரில் செல்கள் கண்ணாடிப் பெட்டிகள்போல் அடுக்கியிருக்கும். இதில் அப்படி எதுவுமில்லை. மீன் செதில்போல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த மேற்பரப்பு. அடியில் வெங்காயம் போன்ற சிறு குமிழ். பட்டப்படிப்பின் முதல் நாளில், நுண்ணோக்கி எப்படிப் பிடிப்பது என்று தெரியாத வகுப்புப் பெண்கள் முப்பது பேரும் சிரித்துக்கொண்டே தங்கள் புறங்கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தது இதைத்தான்.

அவள் வெளியே வந்து தண்ணீர் கேட்டபோது அப்புட்டேட்டன் கூஜாவை நீட்டினார்.

அன்று மத்தியானம் அறியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"தாஹிரா மோள்தானே? நான் சிபியோட அம்மா. உன்னைப் பத்தி அவன் எப்பவும் சொல்லுவான்." அந்தக் குரலில் குற்றச்சாட்டு எதுவுமில்லை. அதுவே அவளைக் குத்தியது. "அவனை அங்க பார்த்தியா மோளே? வீட்டுக்குக் கெளம்பறேன்னு சொல்லி ஒன்பது நாளாச்சு. வரல. போனும் எடுக்கல. அங்க ஏதாவது வேலையில மாட்டிக்கிட்டானா?"

"கேட்டுச் சொல்றேன், அம்மச்சி."

டீச்சர் அறையில் இருந்தார். முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை நீளமாக ஒரு கட்டு போட்டிருந்தார். ரோஜா முள் கீறிவிட்டது என்றார்.

"சிபியா? அவன் வீட்டுக்குப் போயிட்டானே. நான்தான் பஸ் ஏத்திவிட்டேன். ஜன்னல் பக்கம் எடம் கெடச்சுது. கையை ஆட்டினான்."

"அவங்க அம்மா இப்பதான் கூப்பிட்டாங்க, டீச்சர். வரலையாம்."

டீச்சர் பேனாவை மூடினார். "வெக்கப்பட்டு வேற எங்கயாவது போயிருப்பான். நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காதே. முளையெல்லாம் எப்படி இருக்கு? இன்னும் உன் பக்கம்தானே?"

சிபிச்சன் போன பிறகும் முளைகள் தன் பக்கமே சாய்கின்றன என்று அவள் டீச்சரிடம் சொல்லவே இல்லை.

ஆய்வுக்கூடத்து ஜன்னலருகே நின்று யோசித்தாள். முளைகளுக்கு முதுகு காட்ட மனமில்லாமல் பக்கவாட்டில் நின்றாள். மூன்று மணிக்குக் கீழே கருங்குடை ஒன்று முந்திரி மரங்களுக்கு நடுவே போவது தெரிந்தது. டீச்சர். கையில் தூக்குச்சட்டி. பாதை போவது பெரணிச் செடிகள் வளர்த்த பழைய கண்ணாடி வீட்டுக்கு, பெரணி வீட்டுக்கு. கூரைக் கண்ணாடி உடைந்து விழுகிறது என்று இரண்டு வருடத்துக்கு முன் டீச்சரே பூட்டச் சொன்ன இடம்.

அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டதுபோல் இருந்தது. சிபிச்சன் எங்கும் போகவில்லை. அங்கே ஒளிந்திருக்கிறான். டீச்சர் அவனுக்குச் சோறு கொண்டுபோகிறார். அவளை இங்கே சுவரைப் பார்க்க விட்டுவிட்டு, அவளுடைய விதைகளில் இருவரும் சேர்ந்து வேலை செய்கிறார்கள். நாற்காலி, பயமுறுத்தல், சுரண்டிய காகிதம், எல்லாமே நாடகம். கோபம் வந்தது. கோபம் வந்தது ஆறுதலாக இருந்தது. பயத்தை விட அதைப் பிடித்துக்கொண்டு நடப்பது சுலபம்.

டீச்சர் திரும்பி வரும்வரை காத்திருந்து, குடையில்லாமல் இறங்கினாள்.

பெரணி வீட்டின் கதவில் பூட்டு இல்லை. கொக்கியில் ஒரு குச்சி சொருகியிருந்தது. வெளிப்புறமாக. உள்ளே ஒளிந்திருக்கிறவனை யாராவது வெளியிலிருந்து தாழிடுவார்களா என்று கை ஒரு கணம் தயங்கியது. குச்சியை உருவினாள்.

உள்ளே வெளிச்சம் பாசி நிறத்தில் இருந்தது. வெக்கை. மழை கண்ணாடிக் கூரையில் விழுந்து ஓடும் ஓசை தலைக்கு மேல் யாரோ அரிசி புடைப்பதுபோல் கேட்டது. பெரணிகள் ஆளுயரத்துக்கு வளர்ந்து பாதையை மூடியிருந்தன. அவற்றைத் தாண்டி ஒரு மணம். பழுத்த பலாவும் காய்ச்சிய பாலும் கலந்ததுபோல், இனிப்பாக, நாக்கில் ஒட்டுகிற மாதிரி. தூக்குச்சட்டி தொட்டி விளிம்பில் திறந்து கிடந்தது. சோறு இல்லை. சர்க்கரைத் தண்ணீரும் ஒரு ஸ்பூனும்.

"சிபி," என்றாள். "நான்தான். எல்லாம் தெரிஞ்சுபோச்சு. வெளியில வா."

மூச்சு மட்டும் கேட்டது. நீண்ட, நிதானமான மூச்சு.

இலைகளை விலக்கினாள்.

அவன் சிமெண்டுத் தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். அவளுக்கு முதுகைக் காட்டி. அதே நீலச் சட்டை. தோள்மேல் ஏதோ ஆரஞ்சுச் சால்வை போட்டிருக்கிறான் என்று முதலில் நினைத்தாள். பக்கத்தில் போனாள். சால்வை இல்லை. நூல்கள். காலருக்குள்ளிருந்து வந்து, கழுத்தைச் சுற்றி, காதுக்குப் பின்னால் போய், முடியோடு முடியாகக் கலந்து, மறுபடி இறங்கி. சட்டைக் கைக்குள்ளிருந்தும் வந்தன. விரல் விரலாகச் சுற்றியிருந்தன. மோதிரத்தின் கீழேகூட நுழைந்திருந்தன. கணுக்கணுவாகச் சிறிய, மெழுகு போன்ற, வெளிர்ப் பூக்கள். அவன் மூச்சு விடும்போதெல்லாம் பூக்கள் எல்லாம் சேர்ந்து உயர்ந்து தாழ்ந்தன.

கழுத்தருகே ஒரு நூலைப் பிடித்து இழுத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. அறுந்தது. அறுந்த நுனியில் பால் வரவில்லை.

சிவப்பாக ஒரு சொட்டு.

சிபிச்சன் முனகினான்.

"பிய்க்காதே மோளே," என்றது பின்னால் ஒரு குரல். "அவனுக்கு வலிக்கும்."

டீச்சர் குடையை மடக்கிக் கதவில் சாய்த்தார். வழியை மறிக்கவில்லை. ஓரமாகத்தான் நின்றார். கண்கள் பூக்களின் மேல் இருந்தன. அழுதிருந்த கண்கள்.

"பூத்திடுச்சு பார்த்தியா. நேத்து மொட்டு. எனக்குத் தெரியும், மழை விட்டா பூக்கும்னு. விடறதுக்கு முன்னாலயே பூத்திடுச்சு."

"டீச்சர், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். இப்பவே."

"எங்க அறுப்பாங்க? உள்ள எல்லாம் போயிடுச்சு." டீச்சர் கைக்கட்டை அவிழ்த்தார். கீறல் எதுவும் இல்லை; வெறும் கை, வெளுத்த தோல், நரை மயிர். அதை நூல்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். நுனிகள் விலகின. கல்லைச் சுற்றிப் போகும் தண்ணீர்போல் அந்தக் கையைத் தொடாமல் சுற்றிப் போயின. "மலையிலயே உக்காந்து பார்த்தேன். மூணு நாள். இங்கயும் தெனமும் வந்து கையை நீட்டறேன். ஒரு நூலைக் கையில வெச்சுக் கட்டுகூடப் போட்டுப் பார்த்தேன், வாடி உதிர்ந்துடுச்சு. என்னை அதுக்கு வேண்டாம். முப்பது வருஷம் இதுங்க பின்னாலயே அலைஞ்சேன், எனக்கு என்ன கொறச்சல்னு தெரியல. மிச்ச விதையை இங்கதான் முளைக்கப் போட்டிருந்தேன், அவன் உன்னைக் காப்பாத்தறேன்னு அதைத் தேடி வந்தான். கொளுத்த வந்தான். தீப்பெட்டியோட வந்தான். அவனைப் பிடிச்சுக்கிச்சு." குரல் தாழ்ந்தது. "ஆனா அவன் ரெண்டாவதுதான். அது மொதல்ல கேட்டது உன்னைத்தான்."

தாஹிரா கதவைப் பார்த்தாள். ஏழெட்டு அடி. திறந்துதான் இருந்தது. மழை உள்ளே தெறித்தது.

இடப்பக்கம் ஓரடி வைத்தாள்.

பூக்கள் ஆடின. நூல் நுனிகள் எல்லாம் இடப்பக்கம் திரும்பின. காற்று இல்லை.

நின்றாள். அவையும் நின்றன.

சிபிச்சனின் தலை திரும்பத் தொடங்கியது. மெல்ல. தானாகத் திரும்புகிறவனின் தலைபோல் அல்ல. கண்கள் திறந்திருந்தன. அவளைத் தெரிந்துகொண்டன. வெடித்துக் காய்ந்த உதடுகள் அசைந்தன.

"போ," என்றான். "எடீ, போ."

கால் நகரவில்லை. அந்த மணம். வாய் நிறைய அந்த மணம்.

டீச்சர் தோள்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

சிபிச்சனின் உதடுகள் அந்த ஒரே சொல்லைத் திரும்பவும் சொல்ல முயன்றுகொண்டிருந்தன. வலக்கை மட்டும், சட்டைக் கைக்குள் நூல்கள் ஒவ்வொன்றாக விறைக்க விறைக்க, முழங்காலை விட்டு எழுந்து, விரல்களை விரித்து, அவள் நின்ற பக்கம் நீண்டது.